பால்மர் அடைத்த தோட்டாக்கள்

துணி துவைக்கும் இயந்திரமும் தோட்டா அடைக்கும் மேசையும் ஒரே நிலவறையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்ததால்தான் ஆர்லிஸ் ட்வெய்ட்டுக்கு விஷயம் தெரியவந்தது. இல்லாவிட்டால் தோட்டா எவன் முகத்திலாவது வெடித்த பிறகுதான் டோவ்ரே ஊருக்கே தெரிந்திருக்கும்.

அவள் இந்தப் பக்கம் துணி அலசிக்கொண்டிருப்பாள். அவள் புருஷன் பால்மர் அந்தப் பக்கம் முக்காலியில் உட்கார்ந்து, சுட்டு முடித்த வெறுங்கூடுகளை மறுபடி தோட்டாவாக்கிக்கொண்டிருப்பார். பேச்சே இருக்காது. ஆனால் அவர் வேலையின் சத்தம் அவளுக்கு மனப்பாடம். கைப்பிடியை இழுத்ததும் எரிந்துபோன பழைய கேப்பு, வெடிமருந்தைப் பற்றவைக்கும் அந்தச் சின்ன உலோக மூடி, டக்கென்று தகர டப்பாவில் விழும். புதுக் கேப்பு கூட்டின் அடியில் ஏறும். அடுத்த இழுப்பில் மருந்து சர்ரென்று இறங்கும். பிறகு அடைப்பான், அதன் மேல் ஈய ரவை, கலகலவென்று. கடைசியாக வாயை மடித்து மூடும்போது இயந்திரம் லேசாக முனகும். அவ்வளவுதான். அடுத்த கூடு.

அந்தச் செப்டம்பர் மத்தியானம், சர்ரென்ற சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. ஆர்லிஸ் படுக்கை விரிப்பைப் பிழிந்தபடி திரும்பிப் பார்த்தாள். பால்மர் கைப்பிடியைப் பிடித்தபடியே மேலே இருந்த சின்ன ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே புல் நுனியைத் தவிர ஒன்றும் கிடையாது. கொஞ்சம் கழித்துத் தலையை உதறிக்கொண்டு கைப்பிடியை இழுத்தார். மறுபடியும் சர்ரென்று மருந்து இறங்கியது.

"பால்மர், ரெண்டு தடவை போட்டியா?"

"எதை?"

"மருந்தை."

"உன் வேலையப் பாரு. நான் உனக்கு சோப்பு எவ்வளவு போடணும்னு சொல்லித்தர்றேனா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவளும் சிரித்துவைத்தாள். ஆனால் மறுநாள் அவர் காப்பிக் கடைக்குக் கிளம்பியதும், கோழி வெட்டும் கத்தரியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். அவர் அடைத்து அடுக்கியிருந்த தோட்டாக்களில் கைக்கு வந்ததை எடுத்து ஒவ்வொன்றாக வெட்டித் தட்டில் கொட்டினாள். பல தோட்டாக்கள் சரியாகத்தான் இருந்தன. ஒன்றில் மருந்தே இல்லை, வெறும் ரவை. இன்னொன்றில் மருந்து இருக்க வேண்டியதைப்போல இரண்டு மடங்கு. அதற்கு மேலே ரவையை எப்படியோ திணித்து, வாய் சரியாக மடங்காததைக் கட்டைவிரலால் அமுக்கி விட்டிருந்தார். வெளியிலிருந்து பார்த்தால் சட்டென்று தெரியாது.

ஆர்லிஸ் துப்பாக்கியைத் தோளில் வைத்ததே கிடையாது. அவள் பிறந்த வீட்டில் பெண்கள் அதைத் தொட்டால் அப்பாவுக்குப் பிடிக்காது. ஆனால் துப்பாக்கி சுட்டுக் கொண்டுவந்து போட்டதையெல்லாம் இறகு பிடுங்கிச் சுத்தம் செய்தவள் அவள்தான். பிறகு டோவ்ரே பள்ளிக்கூடச் சமையலறையில் காலமெல்லாம் சோறு போட்டவள். எந்தப் பையன் பட்டாணியை மேசைக்கடியில் தள்ளுவான், எந்தப் பெண் வீட்டில் காலையில் சாப்பிடாமல் வந்திருக்கிறாள் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். எதையும் மனசுக்குள் போட்டுப் பூட்டிக்கொள்ளாமல் வாய்விட்டுச் சொல்லிவிடுகிற பெண் என்றுதான் ஊரில் பேர். அப்படிப்பட்டவள் அன்றைக்கு அந்த மருந்துக் குவியலைப் பார்த்துக்கொண்டு நிலவறைப் படியில் வாயடைத்து உட்கார்ந்திருந்தாள்.

காரணம், அவள் ஒரு வாக்குக் கொடுத்திருந்தாள்.

வசந்தத்தில் பெரிய ஊர் டாக்டரிடம் போயிருந்தார்கள். பால்மர் வண்டிச் சாவியை வெண்ணெய்ப் பெட்டியில் வைப்பது, இப்போதிருக்கும் நாயை எப்போதோ செத்துப்போன நாயின் பேர் சொல்லிக் கூப்பிடுவது என்று கொஞ்ச நாளாகவே நடந்துகொண்டிருந்தது. டாக்டர் என்னென்னவோ கேட்டுவிட்டு, நோயின் பேரைச் சொன்னார். இனிமேல் கூடிக்கொண்டுதான் போகும் என்றார். வண்டி ஓட்டுவது, துப்பாக்கி இதெல்லாம் யோசிக்க வேண்டிய விஷயம் என்றும் சொன்னார். பால்மர் எழுந்து தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

திரும்பி வரும் வழியில், உழுதுபோட்ட கறுப்பு நிலத்தைப் பார்த்தபடியே சொன்னார்.

"ஊர்ல ஒருத்தருக்கும் தெரியக் கூடாது."

"உன் சிநேகிதன் லோவலுக்குக் கூடவா?"

"லோவலுக்குத்தான் முக்கியமா தெரியக் கூடாது. அவன் என்னைப் பாவம்னு பாக்க ஆரம்பிச்சான்னா நான் அன்னிக்கே செத்தேன். சத்தியம் பண்ணு."

பண்ணினாள். வேறென்ன செய்வாள்?

ஆகவே, வாயைத் திறக்காமல் இதை எப்படி முடிப்பது என்று யோசித்தபோது அவளுக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. கேப்பு.

பால்மர் வைத்திருந்த கூடுகள் பழைய தினுசு. இளவயதில் மலிவாகக் கிடைத்ததென்று மூட்டை மூட்டையாக வாங்கிப்போட்ட பச்சை நிறத் தோட்டாக்கள். கூடு கெட்டி. எத்தனை முறை சுட்டாலும் கிழியாது. ஒரே ஒரு குறை, அடியில் கேப்பு உட்காரும் துளை மற்ற கூடுகளைவிட ஒரு மயிரளவு சிறுசு. அதற்கென்று செய்த சின்னக் கேப்பைக் கம்பெனி எப்போதோ நிறுத்திவிட்டது. இப்போது கடையில் கிடைப்பதெல்லாம் பெரிய கேப்பு. அதை அழுத்தி ஏற்றினால் ஏறும். ஆனால் துளை பெருத்துவிடும், அப்புறம் சின்னக் கேப்பு அதில் நிற்காது. ஊரில் மற்றவர்கள் அந்தக் கூடுகளைத் தூக்கிப்போட்டார்கள், இல்லை துளையைக் குடைந்து பெரிசாக்கிக்கொண்டார்கள். பால்மர் இரண்டையும் செய்யவில்லை.

"கூட்டுல ஒரு குத்தமும் இல்ல. கேப்பு செய்யறவன் சோம்பேறியாப் போனா, கூட்டைப் போய் ஏன் குடையறது?" என்பார்.

பழைய சாமான் கடைகளின் அடித்தட்டைத் துழாவி, செத்தவர்கள் வீட்டு நிலவறைகளைக் கிளறி, எங்கெங்கிருந்தோ கேப்பு கொண்டுவருவார். இந்த வருஷம் அதுவும் வற்றிவிட்டது. அலமாரியில் ஒரே ஒரு சிறு பெட்டி, அதிலும் பாதி காலி. அது தீர்ந்தால் வேலையும் தானாகத் தீரும். யாரும் அவர் கையிலிருந்து எதையும் பிடுங்க வேண்டாம். அவளும் சத்தியத்தை மீற வேண்டாம். அதுவரை, அவர் அடைத்து வைப்பதை அவர் இல்லாத நேரத்தில் வெட்டிப் பார்த்துவிட்டு, குறைகிற இடத்தில் பழைய நல்ல தோட்டாக்களை எடுத்து அடுக்கிவிடலாம் என்று கணக்குப் போட்டாள்.

அந்த வார இறுதியிலேயே லோவல் ஹௌகே வந்து நின்றார். கையில் ஒரு அட்டைப்பெட்டி.

லோவலும் பால்மரும் ஒரே பள்ளிக்கூடப் பேருந்தில் போனவர்கள். பக்கத்துப் பக்கத்து நிலம். ஒருத்தர் டிராக்டர் சேற்றில் மாட்டினால் இன்னொருத்தர் சங்கிலியோடு வந்து நிற்பார், வந்து நின்று நாள் முழுக்கக் கிண்டலும் செய்வார். ஒவ்வொரு அக்டோபரிலும் ஃபெசன்ட் என்னும் காட்டுக்கோழி வேட்டை தொடங்கும் நாளில் லோவலுடைய சோளக்காட்டில்தான் இரண்டு பேரும் முதலில் இறங்குவார்கள். அந்த வழக்கம் அவர்களுக்குக் கல்யாணமாவதற்கு முன்பிருந்தே உண்டு.

"என்னடா கொண்டுவந்திருக்க, உன் பொண்டாட்டி சுட்ட கேக்கா? எனக்குப் பல்லு வேணும்டா" என்றார் பால்மர்.

"தொறந்து பாரு கிழவா. பாத்துட்டு என் காலைத் தொட்டுக் கும்புடு."

பால்மர் திறந்தார். பெட்டி நிறையச் சின்னக் கேப்பு. பிரிக்காத புதுப் பெட்டிகள், வரிசை வரிசையாக. வடக்கே ஏதோ ஏலத்தில், பழைய கொல்லர் பட்டறைச் சாமான்களுக்கு நடுவே கிடந்ததாம். வேறு யாரும் கேட்கவில்லையாம்.

பால்மர் ஒரு பெட்டியை எடுத்து உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பல மாதமாக ஆர்லிஸ் அந்த முகத்தில் பார்க்காத வெளிச்சம் அப்போது வந்தது. பழைய பால்மர் அப்படியே திரும்பி வந்துவிட்டாரோ என்றிருந்தது.

"லோவல், வேட்டை தொறக்கற நாளுக்கு உனக்கும் உன் மாப்பிள்ளைங்களுக்கும் தோட்டா என் பொறுப்பு. கடையில வாங்கினேன்னு கேள்விப்பட்டேன், உதைதான்" என்றார்.

"கடையில வாங்கற மூஞ்சியா இது?"

ஆர்லிஸ் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள். கோப்பை நிரம்பித் தட்டில் வழிவதை லோவல்தான் பார்த்துச் சொன்னார்.

அதன் பிறகு நிலவறையில் காலையிலும் மாலையிலும் சத்தம் ஓயவில்லை. அவர் அடைக்கிற வேகத்துக்கு அவளால் வெட்டிப் பார்க்க முடியவில்லை. அவர் பெட்டி கட்டிய கையோடு லோவல் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். ஒருநாள் அவள் பொறுக்க முடியாமல், "பால்மர், கொஞ்ச நாளைக்கு இதை விட்டுடேன். டாக்டர் என்ன சொன்னாருன்னு..." என்று ஆரம்பித்தாள்.

அவர் திரும்பிப் பார்த்த பார்வையில் பேச்சு அங்கேயே நின்றுவிட்டது. "எல்லாத்தையும் எடுத்துக்கிட்டீங்கன்னா நான் எதுக்குடி இருக்கணும்? வண்டிய ஓட்டாதேன்ன. சரின்னேன். இது என் கை, ஆர்லிஸ். கைக்குத் தெரியும். தலைக்குத்தான் தெரியாது."

மறுநாள் காலை அவர் குளித்துக்கொண்டிருந்தபோது, மிச்சமிருந்த கேப்புப் பெட்டிகள் அத்தனையையும் துணிக்கூடையில் போட்டு, மேலே ஒரு துண்டை மூடி, காரில் வைத்துத் தேவாலயத்துக்குக் கொண்டுபோனாள். தேவாலயச் சமையலறைச் சாவி அவளிடம்தான் இருந்தது. பெரிய காப்பி அண்டாவுக்குப் பின்னால், உயர அலமாரியில் வைத்து மூடினாள். அந்தச் சமையலறையில் எந்த ஆணும் ஒரு கதவைக்கூடத் திறந்து பார்த்ததில்லை.

பால்மர் தேடினார். முதலில் மெதுவாக, பிறகு ஆவேசமாக. மேசை இழுப்பறைகளைக் கவிழ்த்தார். பெயின்ட் டப்பாக்களைத் திறந்தார். ஊறுகாய் ஜாடிகளுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினார். நாய் பயந்துபோய் மாடிப்படிக்கடியில் ஒதுங்கியது.

"ஆர்லிஸ், கேப்பைப் பாத்தியா?"

அவள் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"எங்கயாவது வச்சிருப்ப. நல்லா யோசிச்சுப் பாரு."

சொன்ன அடுத்த நொடியே அந்த வார்த்தையை விழுங்கிவிட முடியாதா என்றிருந்தது. அவர் வாசலில் அப்படியே நின்றார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, மடித்த விரல்களால் தன் நெற்றியில் குத்திக்கொண்டார், மெதுவாக, மறுபடி மறுபடி. "யோசிக்கறேன். யோசிச்சா வரமாட்டேங்குதே" என்றார். ஆர்லிஸ் கத்தியைக் கீழே வைத்தாள். சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இன்னும் கொஞ்ச நாள் பொறுத்தால் கேப்பையே மறந்துவிடுவார் என்று அவளுக்குள் ஏதோ ஒன்று சொன்னது.

அவர் மறக்கவில்லை. காரணம் தேடினார். மனசு காரணம் தேடினால் எதையாவது கண்டுபிடிக்கத்தானே செய்யும்?

இரண்டு நாள் கழித்து அவரைக் கூட்டிவரக் காப்பிக் கடைக்குப் போனாள். கதவைத் திறக்கும்போதே உள்ளே குரல் உயர்ந்திருந்தது. ஜன்னலோர மேசையில் வழக்கமான ஆட்கள். பால்மர் நின்றுகொண்டிருந்தார். லோவல் கையில் கடித்த ரொட்டியோடு உட்கார்ந்திருந்தார்.

"குடுத்துட்டு மனசு வரல உனக்கு. அதான் திரும்ப எடுத்துட்ட."

"டேய், நான் குடுத்ததை நானே திருடுவேனாடா? தமாஷ் பண்றியா?"

"தமாஷா? நீ வந்துட்டுப் போன பிறகுதான் காணல. பின்கதவு வழியா வந்திருக்க. உங்கப்பன் வேலிக் கம்பிய நகத்தி எங்க நிலத்தைத் தின்னான். அவன் புள்ளதானேடா நீ?"

வேலி விவகாரம் இரண்டு குடும்பமும் புதைத்து வைத்திருந்த பழைய சண்டை. வேடிக்கைக்குக்கூட யாரும் அதை எடுக்க மாட்டார்கள். லோவலின் கழுத்திலிருந்து சிவப்பு ஏறி முகம் முழுக்கப் பரவியது. ரொட்டியைத் தட்டில் வைத்தார். தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்து, பால்மரைத் தாண்டி, கதவருகே நின்ற ஆர்லிஸைத் தாண்டி வெளியே போனார். அவளைக் கடக்கும்போது ஒரு வார்த்தை எதிர்பார்ப்பதுபோல ஒரு கணம் நின்றார். அவள் தரையைப் பார்த்தாள்.

வேட்டை தொடங்கும் சனிக்கிழமை வந்தது. சட்டப்படி அன்றைக்கு நடுப்பகலுக்கு முன் சுடக் கூடாது. அதனால் காலையில் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் எல்லோருக்கும் சாப்பாடு. ஊரை விட்டுப் போன பிள்ளைகள், மாப்பிள்ளைகள், அவர்களுடைய நண்பர்கள் எல்லோரும் ஆரஞ்சு நிறத் தொப்பி போட்டுக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். ஆர்லிஸ் முட்டையும் பன்றிக்கறியும் பரிமாறிக்கொண்டிருந்தாள். பின்னால் சமையலறை அலமாரியில் அந்தக் கேப்புகள்.

பால்மர் வீட்டில் இருந்தார். விடிந்ததிலிருந்தே வேட்டைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, வெறும் துப்பாக்கியைப் படியில் சாய்த்துவைத்து, நாயைக் கூட வைத்துக்கொண்டு, வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். "லோவல் வருவான்" என்றார். காப்பிக் கடையில் நடந்தது அவருக்கு நினைவில்லை. ஞாபகப்படுத்த ஆர்லிஸுக்கு மனசு வரவில்லை.

லோவல் தன் இரண்டு மாப்பிள்ளைகளோடு சுவரோர மேசையில் உட்கார்ந்திருந்தார். தட்டு நிரப்ப அவள் அருகே போனபோது இளைய மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான்.

"உங்களைத் திருடன்னு சொன்ன ஆளு அடைச்ச தோட்டாவையா லோவல் நாம சுடப் போறோம்?"

"அவன் வாய்தான் கெட்டுப்போச்சு, கை கெடல" என்றார் லோவல், அவளை நிமிர்ந்து பாராமல். "பால்மர் தோட்டா மாதிரி இந்த ஜில்லாவுல எவனும் அடைக்க முடியாது. எல்லாரும் பை நிறைய எடுத்துக்கோங்க."

ஆர்லிஸ் கரண்டியோடு நின்றாள். சொல்ல வாயைத் திறந்தாள். கூடம் நிறைய ஆட்கள். பால்மர் யாருக்குத் தெரியக் கூடாது என்றாரோ அவர்கள் அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். "இன்னும் முட்டை வேணுமா?" என்று கேட்டுவிட்டு நகர்ந்தாள். சமையலறைக்குத் திரும்பி, கழுவுதொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாற்காலிகள் நகரும் சத்தம், பூட்ஸ் சத்தம், வெளியே வண்டிகள் கிளம்பும் சத்தம். பிறகு அமைதி.

"ஆர்லிஸ், உடம்புக்கு என்ன?" என்று பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்த பெண் கேட்டாள்.

ஆர்லிஸ் வெளியே ஓடினாள். மேலங்கி எடுக்கவில்லை. இடுப்பில் ஏப்ரன் அப்படியே இருந்தது. காரை எடுத்து மண்சாலையில் விரட்டினாள். நடுப்பகலில் ஊர்ச் சங்கு ஊதும். அது ஊதிய அடுத்த நொடி நாலா பக்கமும் சுட ஆரம்பித்துவிடுவார்கள். லோவலுடைய காட்டோரம் வந்ததும் சாலையை விட்டு இறங்கி, அறுத்துப்போட்ட சோளக்கட்டைகள் மேலேயே ஓட்டினாள். கார் அடியில் கட்டைகள் பட்டுப் படபடவென்று அடித்தன.

அவர்கள் வரிசை கட்டி நின்றிருந்தார்கள். லோவல் பதறிப்போய் ஓடிவந்தார்.

"என்ன ஆர்லிஸ்? பால்மருக்கு ஏதாச்சும் ஆயிடுச்சா?"

"துப்பாக்கியைத் தொறங்க. எல்லாரும் தொறங்க. தோட்டாவை வெளிய எடுங்க."

"எதுக்கு?"

"எடுங்கன்னு சொல்றேன்ல!"

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அடக்கிய குரல் அது. இரண்டு மாப்பிள்ளைகளும் மறுபேச்சில்லாமல் துப்பாக்கியை மடித்துத் திறந்தார்கள். பச்சைத் தோட்டாக்கள் கைக்கு வந்தன. அவள் ஏப்ரனை விரித்துப் பிடித்து அவற்றை வாங்கிக்கொண்டாள். பைகளிலிருந்ததையும் வாங்கினாள். பிறகுதான் லோவலைப் பார்த்தாள்.

"பால்மருக்கு மூளை சரியில்ல, லோவல். டாக்டர் வசந்தத்துலயே சொல்லிட்டாரு. மறதி நோய். இனிமே சரியாகாது. இதுல மருந்தை ரெண்டு தடவை போட்டிருக்காரு. எதுல போட்டிருக்காருன்னு அவருக்கே தெரியாது."

லோவல் தன் துப்பாக்கியையும் மடித்துத் திறந்து, தோட்டாவை அவள் ஏப்ரனில் போட்டார்.

"கேப்பை எடுத்தது நான்தான். நீ இல்ல. அதையும் நான் உன்கிட்ட சொல்லல."

லோவல் தன் வண்டியின் பின்கதவை இறக்கி, பேனாக்கத்தியால் தோட்டாக்களை அறுக்க ஆரம்பித்தார். முதலாவது நன்றாக இருந்தது. அடுத்ததும் நன்றாகத்தான் இருந்தது. மூத்த மாப்பிள்ளை, "இது நல்லாத்தானே..." என்று தொடங்கினான். அதற்கடுத்ததை அறுத்தபோது மருந்து கொட்டியது. கொட்டிக்கொண்டே இருந்தது. லோவல் அதை விரலால் தள்ளிப் பார்த்தார். அது மாப்பிள்ளையின் துப்பாக்கியிலிருந்து வந்ததா, பையிலிருந்து வந்ததா என்று யாரும் கேட்கவில்லை.

அப்போது ஊர்ச் சங்கு ஊதியது. தூரத்துக் காடுகளிலெல்லாம் வெடிச் சத்தம் தொடங்கியது. இவர்கள் மட்டும் நின்றுகொண்டிருந்தார்கள். காட்டின் கடைக்கோடியில் ஒரு ஃபெசன்ட் சேவல் தானாகவே எழும்பிப் பறந்து போனது.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே, ஆர்லிஸ்" என்றார் லோவல் கடைசியில். "அவன் மேல இந்த ரெண்டு வாரமா எவ்வளவு கோவத்துல இருந்தேன் தெரியுமா?"

இருவரும் வீட்டுக்கு வந்தபோது பால்மர் இன்னும் வாசல்படியில்தான் இருந்தார். லோவலைப் பார்த்ததும் எழுந்தார். "வந்துட்டியா? சங்கு ஊதி எவ்வளவு நேரமாச்சு? சோம்பேறி" என்றார். லோவல் தொப்பியைக் கழற்றினார். பக்கத்தில் போய்ப் படியில் உட்கார்ந்துகொண்டார். ஆர்லிஸ்தான் சொன்னாள். நடந்ததை எல்லாம், தோட்டாவை வெட்டிப் பார்த்தது, லோவலிடம் சொன்னது, கேப்பை ஒளித்தது எல்லாவற்றையும் சொன்னாள்.

பால்மர் கேட்டுக்கொண்டே இருந்தார். எவ்வளவு புரிந்தது என்று தெரியவில்லை. கேப்பு விஷயம் வந்தபோது மட்டும் தலையைத் தூக்கினார்.

"அப்ப அது நெஜமாவே காணாமப் போச்சு?"

"ஆமா."

"நான் மறக்கல?"

"இல்ல. நான்தான் எடுத்தேன்."

"நல்லா யோசிச்சுப் பாருன்னு சொன்னியே, ஆர்லிஸ்." அவர் குரலில் கோபம்கூட இல்லை. "ராத்திரியெல்லாம் யோசிச்சேன். ஒரேயடியா எல்லாம் போயிடுச்சுன்னு நெனச்சேன்."

எழுந்து, நாயைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனார். துப்பாக்கி படியில் சாய்ந்தபடியே கிடந்தது. லோவல் அதை எடுத்துத் தன் வண்டியில் வைத்துக்கொண்டார். மருந்துக் குடுவைகளையும் அன்றைக்கே எடுத்துப்போனார். பால்மர் தடுக்கவில்லை.

அவளோடு பேசவுமில்லை. சாப்பாடு வைத்தால் சாப்பிடுவார். கேட்டதற்குத் தலையாட்டுவார். சில வாரம் போனதும் எதற்காகக் கோபம் என்பது அவருக்கு மறந்துபோனது. கோபம் மட்டும் போகவில்லை. அவள் அறைக்குள் வந்தால் கையில் இருப்பதைச் சட்டென்று மறைத்துக்கொள்வார். கைக்குட்டையாக இருக்கும், இல்லை வெறும் கரண்டியாக இருக்கும். டாக்டர், இது நோயின் குணம், எல்லோரும் இப்படித்தான் செய்வார்கள் என்றார். இருக்கலாம். ஆனால் அவள் அதை நோய் என்று நினைக்கவில்லை.

பால்மர் வருஷக்கணக்காக ஊரெல்லாம் தோட்டா கொடுத்திருந்தார். கல்யாணத்துக்குப் பரிசாக, இரவல் வாங்கிய ஏணிக்குப் பதிலாக, சும்மா மனசு குளிர்ந்தால்கூட. அதில் எது பழையது, எது இந்த வருஷத்தது என்று யாருக்குத் தெரியும்? ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஆர்லிஸ் எழுந்து நின்று சொன்னாள். பால்மருக்கு உடம்பு இன்னது, அவர் அடைத்த பச்சைத் தோட்டா யாரிடம் இருந்தாலும் தயவுசெய்து திருப்பிக் கொடுத்துவிடுங்கள், சுடாதீர்கள் என்று.

கொண்டுவந்தார்கள். காப்பி டப்பாவில், காலுறையில், பழைய பால் வாளியில். வாசலில் வைத்துவிட்டுக் கதவைத் தட்டாமல் போனவர்கள் உண்டு. உள்ளே வந்து பால்மர் தோளைத் தட்டிச் சத்தமாக, குழந்தையோடு பேசுவதுபோலப் பேசியவர்களும் உண்டு. பால்மர் எதற்குப் பயந்தாரோ அது நடந்தேவிட்டது. தெற்குச் சாலையில் தனியாக இருக்கும் ஒரு கிழவர் மட்டும் தர மாட்டேன் என்றார்.

"பால்மர் எனக்கு ஆசையாக் குடுத்தது. அவன் நல்லா இருந்தப்பக் குடுத்தது."

"எப்ப குடுத்தாரு?"

"எனக்கு எப்படி ஞாபகம் இருக்கும்?"

"அதுக்குத்தான் கேக்கறேன்" என்று வாசலிலேயே நின்றாள். அவர் கதவைச் சாத்திவிட்டார். மறுபடி போனாள். மூன்றாவது தடவை பெட்டியை வெளியே வைத்துவிட்டு உள்ளிருந்தே திட்டினார்.

லோவல் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் வந்தார். பால்மரோடு உட்கார்ந்து சீட்டு ஆடுவார், சீட்டின் பேர்கள் பால்மருக்கு மறந்த பிறகும் ஆடினார். நல்ல நாளென்றால் பால்மர் அவரைக் கிண்டல் செய்வார். மற்ற நாளில் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்ப்பார்.

"என் கேப்பை நீதானே எடுத்த?"

ஆர்லிஸ் முதல் தடவை அதைக் கேட்டபோது சமையலறையிலிருந்து ஓடிவந்தாள். லோவல் கையைக் காட்டி அவளை நிறுத்தினார்.

"ஆமாடா. நான்தான் எடுத்தேன்."

"திருட்டுப்பயலே."

"பத்திரமா வச்சிருக்கேன்டா. உன் சீட்டப் போடு."

பால்மர் இரண்டு குளிர்காலம் வீட்டில் இருந்தார். பிறகு முதியோர் இல்லத்துக்குப் போக வேண்டியதாயிற்று. அங்கே போன பிறகு ஆர்லிஸ் மேல் இருந்த சந்தேகமும் மறந்துபோயிற்று. யாரோ அன்பான அயலாள் வந்திருப்பதுபோல அவளைப் பார்த்துச் சிரிப்பார். அந்த நாட்களில்தான் அவள் ரொம்ப அழுதாள். அடுத்த இலையுதிர்காலத்துக்கு முன் அவர் காலமானார். சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் லோவல்தான் முன்னால் நின்றார்.

வீட்டிற்கு வந்து சேராத தோட்டாக்கள் எத்தனை என்று ஆர்லிஸுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. ஏதோ ஒரு கொட்டகையில், ஏதோ ஒரு பழைய வேட்டைச் சட்டைப் பையில் இன்னும் கிடக்கலாம். அதனால் ஒவ்வொரு அக்டோபரிலும் வேட்டை தொடங்குவதற்கு முதல் நாளே, அந்த வெடிச் சத்தத்தைக் கேட்க முடியாமல், அவள் துணிமணிகளை எடுத்துக்கொண்டு மின்னசோட்டாவில் இருக்கும் தங்கை வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறாள். வெளியூரில் இருப்பவர்களெல்லாம் ஊர் திரும்புகிற நேரத்தில் இந்தக் கிழவி மட்டும் எங்கே ஓடுகிறாள் என்று காப்பிக் கடையில் கேட்கிறார்கள். திங்கட்கிழமை திரும்பி வந்ததும் முதலில் லோவலைத் தொலைபேசியில் கூப்பிட்டு, யாருக்காவது ஏதாவது ஆயிற்றா என்று கேட்கிறாள்.

"ஒண்ணும் இல்ல, ஆர்லிஸ்" என்கிறார் லோவல். இதுவரை அப்படித்தான் சொல்லிவந்திருக்கிறார்.